எட்டு காப்பியில் ஒரு முகம்

பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் போட்டோ எங்கே எடுப்பது? கேமரா எவ்வளவு நல்லது என்பதைவிட, பட்டனை அழுத்துகிறவருக்கு என்ன பொறுப்பு இருக்கிறது என்பதே முக்கியம்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலோ கோர்ட் வாசலிலோ எந்த ஊரிலும் ஒரு ஸ்டூடியோ இருக்கும். உள்ளே ஒரு வெள்ளைத் திரை, ஒரு ஸ்டூல், இரண்டு பக்கமும் குடை விரித்த விளக்குகள். சுவரில் ஒரு கண்ணாடி, அதன் கீழே பவுடர் டப்பாவும் பல் உடைந்த சீப்பும். “தாடையை லேசா இறக்குங்க, தோளை நேரா வைங்க” என்று இரண்டு பேச்சு, பளிச்சென்று ஒரு ஃப்ளாஷ். பத்தே நிமிடத்தில் கம்ப்யூட்டரில் முகம் தனியாக வெட்டப்படும். பின்னணி துடைக்கப்படும். கன்னத்து மருவும் கண்ணடிக் கருவளையமும் காணாமல் போகும். நிறம் இரண்டு படி ஏறும். எட்டு காப்பி ஒரே தாளில் பிரிண்ட் ஆகி, வெட்டப்பட்டு, சின்னக் கவரில் கைக்கு வந்துவிடும். கல்லூரி விண்ணப்பம் முதல் வங்கிக் கணக்கு வரை எல்லாவற்றுக்கும் இதற்குப் பெயர் ‘பாஸ்போர்ட் சைஸ்’. வேடிக்கை என்னவென்றால், பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் மட்டும் இந்தப் படம் உதவாமல் போகலாம்.

ஸ்டூடியோக்காரர் மேல் குற்றமில்லை. வாடிக்கையாளர் கேட்டது பார்க்க லட்சணமான ஒரு படம். அவர் அதைத்தான் கொடுத்தார். தூதரகமோ கேட்பது முகத்தின் அளவை. அந்த மருவும் கருவளையமும் வாடிக்கையாளருடைய அடையாளம். அவற்றை அழித்தவுடன் படம் வேறொருவருடையதாக நகரத் தொடங்குகிறது. படம் திரும்பி வந்தால் விண்ணப்பம் நிற்கிறது, பயணத் தேதி தள்ளிப்போகிறது, சில சமயம் மொத்த வேலையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நஷ்டமெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவருக்கு. ஃப்ளாஷ் அடித்தவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. எனவே எந்த ஸ்டூடியோ நல்லது, எந்த ஆப் நல்லது என்று தேடுவதற்கு முன் வேறொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தப் படம் நிராகரிக்கப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? பதில் சொல்ல வேண்டியவரே படத்தையும் எடுக்கிற இடம்தான் சரியான இடம். ஒரு தனி மனிதர் கடை தேர்ந்தெடுக்கவும், ஓர் அரசு விதி வகுக்கவும் இந்த அளவுகோல் ஒன்றே போதும்.

படம் அளவாக மாறிய கதை

பாஸ்போர்ட்டில் போட்டோ ஒட்டும் வழக்கம் முதல் உலகப்போரின் பயத்தில் பிறந்தது. 1914ல் கார்ல் ஹான்ஸ் லோடி என்ற ஜெர்மானிய உளவாளி, சார்லஸ் இங்லிஸ் என்ற அமெரிக்கரின் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு பிரிட்டனில் சுற்றினார். அதில் படம் கிடையாது என்பதால் பெயரைச் சொன்னால் போதும் என்ற நிலை. அந்த நவம்பரில் லண்டன் டவரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பரில் அமெரிக்காவும், அடுத்த ஆண்டு பிரிட்டனும் போட்டோவைக் கட்டாயமாக்கின. ஆனாலும் அந்தக் காலத்துப் பாஸ்போர்ட் படங்களில் தொப்பி உண்டு, பக்கத்தில் மனைவி மக்களும் உண்டு. பார்ப்பது மனிதக் கண். தொப்பியைத் தாண்டியும் ஆளை அது கண்டுகொள்ளும்.

கட்டுப்பாடு இறுகியது, பார்க்கும் வேலை இயந்திரத்தின் கைக்குப் போன பிறகு. மான்ட்ரியாலில் இயங்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, எல்லா நாட்டு எல்லைகளிலும் ஆளை அடையாளம் காண்பதற்கான பொது உடல் அடையாளமாக முகத்தைத் தேர்ந்தெடுத்தது. கைரேகையும் கருவிழியும் நாடுகள் விரும்பினால் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த அமைப்பின் 9303 என்ற எண் கொண்ட ஆவணம்தான் இன்று உலகத்துப் பாஸ்போர்ட்டுகளுக்கெல்லாம் இலக்கணம். இ-பாஸ்போர்ட்டின் சிப்புக்குள் இருக்கும் முகப்படம் சுமார் 15 முதல் 20 கிலோபைட் அளவுக்குச் சுருக்கப்பட்டது. அவ்வளவு சின்னப் படத்திலும் இரண்டு கண்களின் மையங்களுக்கு நடுவே குறைந்தது 90 பிக்சலாவது இருந்தால்தான் விமான நிலையத்து இயந்திரம் அதை எதிரே நிற்பவரின் முகத்தோடு ஒப்பிட முடியும். பல்லைக் காட்டிச் சிரித்தால் கன்னமும் கண்ணும் இடம் மாறுகின்றன. மூக்குக் கண்ணாடியில் விளக்கு பட்டால் கண்ணே மறைகிறது. இதனால்தான் அமெரிக்கா 2016 நவம்பர் 1 முதல் பாஸ்போர்ட், விசா படங்களில் கண்ணாடியே கூடாது என்றது. காதோரம் விழும் நிழல் முகத்தின் விளிம்பைக் கலைத்துவிடுகிறது. வெள்ளைத் திரையின் முன் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்தால் தோள் கரைந்து, தலை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. அதிகாரிகளின் கிறுக்குத்தனம் போலத் தெரியும் விதிகளுக்குப் பின்னால் இப்படி ஒவ்வொரு காரணம் இருக்கிறது.

காரணம் பொதுவானாலும் அளவு பொதுவாக இல்லை. அமெரிக்காவுக்கு இரண்டு அங்குலச் சதுரம். அதற்குள் தாடையிலிருந்து உச்சந்தலை வரை 25 முதல் 35 மில்லிமீட்டர். பிரிட்டன் பாஸ்போர்ட்டுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர். தலை 29 முதல் 34. கனடா பாஸ்போர்ட்டுக்கு 50க்கு 70. முகம் 31 முதல் 36. வெளிநாட்டில் இருந்தபடி இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பவர்களுக்கு 2025 செப்டம்பர் 1 முதல் புது விதி: 630க்கு 810 பிக்சல், வெள்ளைப் பின்னணி, படத்தில் 80 முதல் 85 சதவீதம் முகம். அந்த ‘எட்டு காப்பி’ இதில் எதற்கும் முழுசாகப் பொருந்தாது என்பது கணக்குப் போடாமலே தெரியும்.

கவுன்ட்டர், ஸ்டூடியோ, செல்போன்

நம் அளவுகோலை வைத்துப் பார்த்தால் முதல் இடம் கவுன்ட்டருக்கு. உள்நாட்டில் பாஸ்போர்ட் எடுப்பவர் விஷயத்தில் இந்திய அரசு சரியாகவே நடந்துகொண்டிருக்கிறது. சென்னை, கோவை, மதுரை, திருச்சி மண்டல அலுவலகங்களின் கீழ் உள்ள பாஸ்போர்ட் சேவா கேந்திராக்களில், முதல் கட்டமான ‘ஏ’ கவுன்ட்டரில் கைரேகை எடுக்கும்போதே படத்தையும் எடுத்துவிடுகிறார்கள். பெரியவர்கள் கையில் போட்டோ கொண்டுபோக வேண்டியதே இல்லை. கேமராவும் வெளிச்சமும் அவர்களுடையது, அளவும் அவர்களுடையது. எனவே படம் சரியில்லை என்று சொல்லி விண்ணப்பதாரரைத் திருப்பி அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை. விதிவிலக்கு நாலு வயதுக்குக் கீழான குழந்தைகள். அவர்களுக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் 4.5க்கு 3.5 சென்டிமீட்டர் படம் கொண்டுபோக வேண்டும். கைக்குழந்தையானால் தரையில் சுருக்கமில்லாத வெள்ளைத் துணி விரித்துப் படுக்கவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், மேலிருந்து நேராக எடுப்பது எளிது. தாங்கிப் பிடிக்கும் கை படத்தில் விழக் கூடாது.

ஸ்டூடியோவின் தேவை, விசாவிலும் வெளிநாட்டுத் தமிழர்களின் பாஸ்போர்ட்டிலும்தான் இருக்கிறது. பிரிட்டன் விசாவுக்கு விண்ணப்ப மையத்திலேயே முகத்தையும் கைரேகையையும் பதிவுசெய்கிறார்கள். அமெரிக்க விசாவுக்கோ டி.எஸ். 160 படிவத்தை நிரப்பும்போதே படத்தை ஏற்ற வேண்டும்: குறைந்தது 600க்கு 600 பிக்சல், அதிகபட்சம் 1200க்கு 1200, கோப்பின் எடை 240 கிலோபைட்டுக்குள். இதற்கெல்லாம் நாம் நம்பியிருப்பது பக்கத்து ஸ்டூடியோவை. வெளிச்சத்தைச் சமமாக விழவைக்க அவரைவிடத் தேர்ந்தவர் யாரும் இல்லை. அது அவர் கைத்தொழில். அதற்கு அடுத்த கட்டத்தில்தான் சிக்கல். எந்த நாட்டுக்கு என்ன அளவு என்பதை அவர் நினைவிலிருந்து சொல்கிறார். பழக்க தோஷத்தில் முகத்தை ‘டச்’ செய்தும் விடுகிறார். ஆகவே ஸ்டூடியோவுக்குப் போகிறவர் இரண்டு காரியம் செய்தாக வேண்டும். அந்தந்தத் தூதரகம் வெளியிட்டிருக்கும் அளவைத் தாளில் எழுதிக் கொண்டுபோய் முன்னால் வைக்க வேண்டும். “முகத்தில் எதையும் தொடாதீங்க, அளவுக்கு வெட்டினா மட்டும் போதும்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வழி செல்போன். இதில் படம் எடுப்பவரும் நஷ்டப்படுபவரும் ஒரே ஆள் என்பதால் பொறுப்பு என்ற கேள்வியே எழாது. எல்லாம் நம் தலையில். செய்யக்கூடாத ஒன்று செல்ஃபி. ஓர் அடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடித் தெரிகிறது என்று 2018ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. ஐந்து அடி தள்ளி நின்றால் அந்தக் கோணல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆகவே இன்னொருவர் நாலைந்து அடி தள்ளி நின்று, கண் மட்டத்தில் வைத்து எடுக்க வேண்டும். சுவரிலிருந்து இரண்டு அடியாவது முன்னால் வந்து நின்றால் நிழல் பின்னால் விழாது. பிறகு பெரிய பொறி, ஆப். பின்னணியை மாற்றித் தருகிறேன், தலைமுடியைச் சீர்செய்கிறேன் என்று வரும் செயற்கை நுண்ணறிவு ஆப்கள் காதோரத்தைக் கொஞ்சம் தின்றுவிடுகின்றன, தோலை மெழுகாக்குகின்றன. கம்ப்யூட்டராலோ ஆப்பாலோ ஃபில்டராலோ செயற்கை நுண்ணறிவாலோ படத்தை மாற்றக் கூடாது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை தெளிவாகவே சொல்கிறது. நம் அளவுகோலில் ஆப் கடைசி இடம் பெறக் காரணம் அதன் தொழில்நுட்பம் மட்டுமல்ல. படம் திரும்பி வந்தால் அதனிடம் நின்று சண்டை போட ஒரு வாசல்படி கூடக் கிடையாது.

பொறுப்பு கைமாறிய நாடுகள்

இந்தப் பொறுப்பை நாடுகள் எப்படிப் பங்கிடுகின்றன என்று பார்த்தால் நம் வாதம் இன்னும் துலங்கும். கனடா ஒரு பழைய, எளிய வழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது: காகிதப் படத்தின் பின்புறம் ஸ்டூடியோவின் பெயர், முகவரி, எடுத்த தேதி மூன்றும் இருக்க வேண்டும். ஒரு முத்திரைதான், ஆனால் அதைக் குத்தும்போது எடுத்தவர் தன் கையெழுத்தைப் போட்ட மாதிரி ஆகிறது. இலங்கை இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பதிவுபெற்ற ஸ்டூடியோவில்தான் பாஸ்போர்ட் படம் எடுக்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் படத்தை நேரடியாகத் திணைக்களத்தின் கணினிக்கு அனுப்பிவிட்டு, விண்ணப்பதாரர் கையில் ஒரு துண்டுச்சீட்டு தருகிறார். கவர், காப்பி, கத்தரி எல்லாம் நடுவிலிருந்து விலகிவிடுகின்றன. பருத்தித்துறையில் எடுத்தாலும் பண்டாரவளையில் எடுத்தாலும் அளவு ஒன்றே.

ஜெர்மனியின் கதையில் பாடம் அதிகம். 2014ல் இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர், இரண்டு பேரின் முகத்தைக் கணினியில் கலந்து ஒரே படமாக்கினால் அந்த ஒரு பாஸ்போர்ட்டை வைத்து இருவருமே இயந்திரத்தை ஏமாற்ற முடியும் என்று காட்டினார்கள். 2018ல் ஜெர்மனியின் ‘பெங்’ என்ற செயற்பாட்டாளர் குழு அதை நிஜமாகவே செய்தது. தங்களில் ஒருவரின் முகத்தோடு, அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுப் பிரதிநிதியாக இருந்த ஃபெடெரிகா மொகெரினியின் முகத்தைக் கலந்து, அந்தப் படத்துக்கு அசல் ஜெர்மன் பாஸ்போர்ட்டையே வாங்கிக் காட்டியது. கவுன்ட்டரில் இருந்தவர் கண்ணுக்குப் படம் நன்றாகத்தான் இருந்தது. விளைவு, காகிதப் படத்துக்கே அங்கே கதவடைப்பு. 2025 மே 1 முதல் பாஸ்போர்ட்டுக்கும் அடையாள அட்டைக்கும் டிஜிட்டல் படம் மட்டுமே. ஒன்று, அலுவலகத்திலேயே 6 யூரோ கட்டி எடுத்துக்கொள்ளலாம். அல்லது பதிவுபெற்ற புகைப்படக்காரர் எடுத்துப் பாதுகாப்பான வழியில் அனுப்ப, அதன் குறியீட்டைக் கவுன்ட்டரில் காட்டலாம். அலுவலகக் கருவிகள் நேரத்துக்கு வந்து சேராததால் ஜூலை இறுதிவரை அவகாசம் கொடுக்க நேர்ந்தது என்பதும் உண்மை. கேட்பவரே எடுக்க வேண்டும் என்று சட்டம் போடுவது சுலபம். ஊர் ஊருக்குக் கேமரா போய்ச் சேர்வது வேறு கதை.

எழும் மறுப்புகள்

முதல் மறுப்பு வயிற்றைப் பற்றியது. எல்லாப் படத்தையும் கவுன்ட்டரிலேயே எடுத்துவிட்டால் ஸ்டூடியோக்காரர் என்ன ஆவார்? கல்யாண ஆல்பம் பெரிய கைகளுக்குப் போய்விட்ட காலத்தில், சின்ன ஸ்டூடியோவின் அன்றாட வாடகையைக் கட்டுவது இந்த எட்டு காப்பிதான். கேள்வி நியாயமானது, பதில் மேலே சொன்ன நாடுகளிலேயே இருக்கிறது. ஜெர்மனியிலும் முதலில் அலுவலகத்தில் மட்டுமே எடுப்பது என்றுதான் திட்டம். புகைப்படக்காரர்கள் எதிர்த்து நின்ற பிறகு அவர்களைப் பதிவுசெய்து உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். இலங்கையின் ஏற்பாடு ஸ்டூடியோவை நம்பியே நிற்கிறது. பொறுப்பைக் கேட்பது தொழிலைக் கெடுப்பதாகாது. பொறுப்பேற்கும் ஸ்டூடியோவுக்கு, ஆப்பால் பறிக்க முடியாத ஒரு வாடிக்கை நிரந்தரமாகக் கிடைக்கும்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் வெட்கத்தோடு சொல்லப்படுவது: கவுன்ட்டரில் எடுக்கும் படம் கண்ணால் பார்க்கச் சகிக்காது, பத்து வருஷம் அதைச் சுமக்க வேண்டுமே. இதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. அலைந்து களைத்து, வியர்வை காயாமல் உட்கார்ந்த அந்த நொடியின் முகம்தான் அதில் பதிகிறது. ஆனால் எல்லையில் நிற்கும் அதிகாரி பார்க்கப்போவதும், பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில் களைத்த அதே முகத்தைத்தான். அழகாக்கிய படம் அன்றைக்குத்தான் கைவிடும். இன்னொரு தடவை எடுக்கச் சொல்லிக் கேட்பதிலும் தப்பில்லை. அடர்நிறச் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் வழியும் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போனாலே பாதிக் குறை தீரும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. அமெரிக்காவும் பிரிட்டனும் இணையத்தில் பாஸ்போர்ட் புதுப்பிப்பவரிடம் செல்போன் படத்தையே வாங்கிக்கொள்கின்றனவே, பிறகு கவுன்ட்டர் எதற்கு? வாங்கிக்கொள்கின்றன என்பது சரி. அதோடு நின்றுவிடாமல் அந்தச் சோதனை யாரை உள்ளே விடுகிறது என்றும் பார்க்க வேண்டும். பிரிட்டனின் இணையச் சோதனையை 2020ல் பிபிசி ஆராய்ந்தது. கருநிறப் பெண்களின் படங்களில் 22 சதவீதத்தைத் தரம் போதாது என்று இயந்திரம் சொன்னது. வெளிர்நிறப் பெண்களுக்கு 14 சதவீதம்தான். ஆண்களில் கருநிறத்தவருக்கு 15 சதவீதம், வெளிர்நிறத்தவருக்கு 9. அதற்கு முன் 2016ல், நியூசிலாந்தின் சோதனை இயந்திரம் ஆசிய வம்சாவளி இளைஞர் ஒருவரின் படத்தைக் கண் மூடியிருக்கிறது என்று நிராகரித்தது; கண் திறந்துதான் இருந்தது. சோதனையை இயந்திரத்திடமும் படத்தை மக்களிடமும் விட்டுவிட்டால், நஷ்டம் எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை.

இது நம் நிறத்துக்காரர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம். தானாக வெளிச்சம் அளக்கும் கேமரா, படம் முழுவதையும் சேர்த்துச் சராசரி போடுகிறது. பின்னால் பளீரென்று வெள்ளைச் சுவர் இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று முடிவுகட்டி மொத்தத்தையும் மங்கலாக்குகிறது. ஏற்கெனவே கறுத்த முகம் இன்னும் கறுத்து, கண்ணும் மூக்கின் ஓரமும் நிழலுக்குள் போய்விடுகின்றன. ஸ்டூடியோவில் இதைச் சரிக்கட்டத்தான் கம்ப்யூட்டரில் நிறத்தை ஏற்றுகிறார்கள். மங்கிய படத்தில் இயந்திரத்துக்கு முகம் தெரிவதில்லை. வெளுத்த படத்தில் ஆள் மாறிவிடுகிறார். இரண்டும் கெடுதல். சரியான வைத்தியம் படம் எடுக்கும் முன்பே இருக்கிறது: முகத்துக்கு எதிரே இரண்டு பக்கமும் சமமான வெளிச்சம். செல்போன் என்றால், திரையில் சுவரை விட்டுவிட்டு முகத்தின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்வது. கைதேர்ந்த ஸ்டூடியோக்காரருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. அந்தத் திறமைக்குத்தான் காசு கொடுக்க வேண்டும், நிறத்தை ஏற்றுவதற்கு அல்ல.

கடைசி மறுப்பு, அந்தரங்கம். முகத்தை எடுக்கும் உரிமையையும் அரசின் கையிலேயே கொடுப்பது கண்காணிப்புக்கு வழிவிடாதா? விடலாம், அந்தப் படத்தை அரசு வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்குச் சட்டக் கடிவாளம் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாஸ்போர்ட் வேண்டுமென்றால் எந்த வழியில் எடுத்தாலும் முகம் அரசிடம்தான் போய்ச் சேரப்போகிறது. வழியில் எத்தனை கை மாறுகிறது என்பதில்தான் வித்தியாசம். கவுன்ட்டரில் எடுத்தால் ஒரு பிரதி. ஸ்டூடியோவில் அது அவருடைய ஹார்டு டிஸ்க்கிலும் தங்குகிறது. இலவச ஆப்பில் எடுத்தால் அது எந்த நாட்டு சர்வரில் போய் உட்காரும் என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

ஆக, இந்தியா உள்நாட்டில் கடைப்பிடிக்கும் நல்ல பழக்கத்தை வெளியிலும் நீட்டினால் போதும். தூதரகங்களுக்காக விண்ணப்பம் வாங்கும் மையங்களில், விதிமுறைத் தாளை ஒட்டிவைக்கும் அதே சுவருக்கு எதிரே ஒரு கேமராவையும் நிறுத்தலாம். முடியாத ஊர்களில் இலங்கையைப் போல ஸ்டூடியோக்களைப் பதிவுசெய்து பொறுப்பில் சேர்க்கலாம். விதியை மட்டும் கடுமையாக்கிவிட்டு அதை நிறைவேற்றும் பாரத்தைத் தனி மனிதர் தலையில் வைப்பதுதான் நியாயமில்லாதது. அது மாறும்வரை, ஸ்டூலில் உட்காரும் முன் ஸ்டூடியோக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: “படம் சரியில்லைன்னு திருப்பி அனுப்பினா, மறுபடி எடுத்துத் தருவீங்களா அண்ணே?” தயங்காமல் தலையாட்டுகிறவர் அளவுத்தாளை வாங்கிப் பார்ப்பார், நெற்றி எண்ணெயைத் துடைக்கச் சொல்வார், கம்ப்யூட்டரில் மருவைத் தொடமாட்டார். எட்டு காப்பி அவரிடமும் கிடைக்கும். எட்டிலும் இருப்பது உங்கள் முகமாக இருக்கும்.